வகுப்பறைக்கு வெளியே ஒரு பருவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தாயும் தந்தையும் நம்மை நாடி வந்தனர். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தை நம்பி வாழும் குடும்பம் அது. மூத்த மகள் வேளாண்மைக் கல்லூரியில் நான்காம் ஆண்டு பயின்று வந்தாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை அவளே. தந்தையின் சட்டைப் பையில் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதம் நான்காக மடிந்திருந்தது. அடுத்த பருவத்தில் மாணவியர் குழு ஒன்று குறிப்பிட்ட ஒரு கிராமப் பகுதியில் வாரக்கணக்கில் தங்கி, விவசாயிகளோடு விவசாயிகளாக வயல்களில் பணிபுரிய வேண்டும் என்றும், அது பட்டத்தின் ஒரு பகுதியே என்றும் அதில் எழுதியிருந்தது.

“ஐயா, நாங்கள் சேற்றில் கிடந்தது போதும், பிள்ளையாவது நாற்காலியில் உட்காரட்டும் என்றுதானே படிக்க வைத்தோம்? இப்போது ஊர் பேர் தெரியாத இடத்தில், எவருடைய வயலிலோ போய் இறங்கச் சொல்கிறார்களே!” என்றார் தந்தை. தாயின் கவலை வேறு. “வயதுப் பெண்ணை எப்படி ஐயா அனுப்புவது?” என்று அவர் மெல்லக் கேட்டார்.

இவ்விரு கேள்விகளையும் அற்பமென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. உடம்பை வருத்தும் உழைப்பிலிருந்து தப்புவதற்கான வாசலே கல்வி என்று நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கருதி வந்திருக்கிறோம். அந்த வாசலைத் தாண்டிய பிள்ளையைக் கல்லூரியே திரும்பவும் உழைப்பின் பக்கம் அழைத்துச் செல்லுமாயின், நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய பெற்றோர் திகைப்பது இயல்பு அன்றோ? அன்று அவர்களுக்கு நம்மால் உடனடியாக விடை கூற இயலவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று மட்டும் கூறினோம். அவ்வாறு விசாரிக்கப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

பட்டப்படிப்பின் ஊடே மாணவனைத் தொழிலகத்துக்கு அனுப்பும் முறைக்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1903-ஆம் ஆண்டிலேயே படிப்பும் பணியும் மாறி மாறி வரும் வகுப்புகள் நடைபெற்றன. இரு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே வைத்த உணவுபோல் இரு படிப்புக் காலங்களுக்கு இடையே பணிக்காலம் அமைவதால், இதற்குச் ‘சாண்ட்விச்’ படிப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது. எனினும் இம்முறைக்கு உலகறிந்த வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் என்பவரே.

ஷ்னைடர் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். லீஹை பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் அருகிலேயே மாபெரும் எஃகு ஆலை ஒன்று இயங்கி வந்தது. ஒருநாள் மாலை அவர் வளாகத்தில் நடந்து செல்கையில், ஆலையின் உலை திடீரெனப் பேரொலியுடன் தீக்கக்கியதாம். இத்தகைய ஆய்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்க, நாம் ஏன் நான்கு சுவர்களுக்குள் பொம்மை இயந்திரங்களை வைத்துப் பாடம் நடத்துகிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் அவர் உள்ளத்தில் உதித்தது என்று சொல்வார்கள். கதையில் சற்று அலங்காரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் அவர் வேறொன்றையும் கவனித்திருந்தார். பட்டம் பெற்றபின் தொழிலில் சிறந்து விளங்கிய மாணவர்களை விசாரித்தபோது, அவர்களுட் பலர் படிக்கும் காலத்திலேயே வயிற்றுப்பாட்டுக்காகவோ விடுமுறையிலோ எங்கேனும் வேலை செய்தவர்களாக இருந்தனர்.

1903-இல் அவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தம் திட்டத்தை ஆட்சிக் குழுவிடம் கூறினார். குழுவினர் தயங்கினர். இறுதியில், ஓராண்டு மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்றும், அது தோற்றால் தாங்கள் பொறுப்பல்லர் என்றும் தீர்மானம் இயற்றினர்! இத்தகைய தீர்மானங்களை நம் ஊர்ச் சபைகளிலும் நாம் கண்டதுண்டு. 1906-இல் 27 மாணவர்களுடன் சோதனை தொடங்கியது. மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்க்கப்பட்டனர். ஒருவன் ஒரு வாரம் தொழிற்சாலையில் இருக்க, மற்றவன் வகுப்பில் இருப்பான்; மறுவாரம் இடம் மாறுவர். ஆக, முதலாளிக்கு எந்நாளும் ஓர் ஆள் கிடைத்தான், ஆசிரியருக்கு எந்நாளும் ஒரு மாணவன் கிடைத்தான். தொழிற்சாலை வேலைக்குக் கூலியும் உண்டு. அம்முறை பிற இடங்களுக்கும் பரவியது. 1921-இல் அந்தியோக் கல்லூரி அதனைப் பொறியியலுக்கு அப்பால் கலைப் படிப்புகளுக்கும் கொண்டு சென்றது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கப்பட்டபோதே இம்முறையை அடித்தளமாகக் கொண்டது.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றது. அந்த மரபில் தோன்றிய காந்திகிராமக் கிராமிய நிறுவனத்தில், மாணவர்கள் ஊர்களில் தங்கிப் பணியாற்றும் வழக்கம் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றது. கோவை பீளமேட்டில் பூ.சா.கோ. அறநிலையம் 1926-இல் அமைந்தது. அதன் தொழிற்கூடம் இயங்கிய வளாகத்திலேயே 1951-இல் பொறியியற் கல்லூரி எழுந்தது. அங்குள்ள ஐந்தாண்டுச் சாண்ட்விச் பொறியியல் படிப்பில், மாணவர்கள் அந்தத் தொழிற்கூடத்திலேயே இயந்திரங்களின் முன் நின்று பயில்கின்றனர். இராஜஸ்தானத்துப் பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப நிறுவனம் 1973-இல் ‘பயிற்சிப் பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாணவர்களைப் பல மாதங்கள் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பி வருகிறது.

மருத்துவத்தைப் பற்றி நாம் புதிதாகக் கூற வேண்டியதில்லை. தேர்வு முடிந்தபின் 12 மாதங்கள் மருத்துவமனையின் பல துறைகளிலும் சுழற்சி முறையில் பணிபுரியாத எவரும் முழு மருத்துவராகப் பதிவு பெற இயலாது. ‘ஹவுஸ் சர்ஜன்’ என்று நம் மக்கள் அழைப்பது இவர்களைத்தான். சட்டக் கல்வியில், இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரங்களும் நேர்முகப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. 2014-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் இரண்டாண்டுப் படிப்பாக நீண்ட பி.எட். வகுப்பில், 20 வாரங்கள் பள்ளிகளில் பயிற்சி பெற வேண்டும் என்றாயிற்று. நோயாளியைத் தொடாமல் மருத்துவர் ஆக முடியாது என்பதை ஏற்கும் நாம், வயலைத் தொடாமல் வேளாண் பட்டதாரி ஆகலாம் என்று மட்டும் எப்படி நினைத்தோம்?

வேளாண்மைக் கல்வியும் நம் மாநிலத்தில் பழமையானதே. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி, 1906-ஐ ஒட்டிக் கோவைக்கு இடம் பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. இத்துறையில் எழுந்த பெரிய குறை யாதெனில், பட்டதாரிகளுக்குப் பயிரின் இலத்தீன் பெயர் தெரியும், பயிரிடுவோனின் பிரச்சினை தெரியாது என்பதே. 1992-இல் ரந்தாவா குழு, வேளாண் மாணவர் அனைவருக்கும் கிராமப் பணி அனுபவம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதனை விரிந்த ஒரு திட்டமாக்கி, மாதம் 3000 ரூபாய் வீதம் உதவித்தொகையும் அறிவித்தது. அக்கழகத்தின் ஐந்தாம் புலத்தலைவர் குழு வகுத்த பாடத்திட்டத்தில் இப்பணிக்கு 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 8 வாரங்கள் கிராமத்தில். ஏனையவை ஆராய்ச்சி நிலையங்கள், பயிர் மருத்துவ நிலையம், வேளாண் தொழிலகங்கள் ஆகியவற்றில்.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, அப்பெற்றோரிடம் சென்று கூறினோம். தாய்க்கு நிறைவு ஏற்படவில்லை. “கணக்கெல்லாம் சரி ஐயா, அந்த ஊரையும் வீட்டையும் யார் பார்த்தது?” என்றார். மிகச் சரியான கேள்வி. மகள் புறப்பட்டுச் சென்ற மூன்றாம் வாரத்தில், ஒரு சனிக்கிழமை, தந்தையும் நாமும் பேருந்தேறி அக்கிராமத்துக்கே சென்றோம்.

கிராமத்தில் நாம் கண்டது

ஊரின் மேலத்தெருவில் ஓர் ஓட்டு வீட்டை எட்டு மாணவியர் வாடகைக்கு எடுத்திருந்தனர். வீட்டுக்கார மூதாட்டி பின்கட்டிலேயே வசித்தார். “நான் பெற்ற பிள்ளைகளைக் காட்டிலும் இதுகள் சொன்ன பேச்சுக் கேட்கும்” என்று அவர் தந்தையிடம் கூறியபோது, அவர் முகத்தில் முதன்முறையாகச் சிறு தெளிவு தோன்றியது. மேற்பார்வைப் பேராசிரியை ஒருவர் வாரந்தோறும் வந்து செல்கிறார் என்றும், ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு விவசாயக் குடும்பம் பொறுப்பாக அமைந்துள்ளது என்றும் அறிந்தோம். விடியுமுன் எழுந்து அந்தக் குடும்பத்தாரின் வயலுக்குச் செல்ல வேண்டும். பாத்தி கட்டுவதோ களை எடுப்பதோ அன்று என்ன வேலையோ அதனைச் செய்ய வேண்டும். மாலையில் அனைத்தையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

நாம் சென்ற வேளையில், ஊர்ப் பொதுக் களத்தில் கூட்டம் கூடியிருந்தது. தரையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தை மாணவியர் வரைந்துகொண்டிருந்தனர். கண்மாய்க்கு நீலம், வயல்களுக்குப் பச்சை, தெருக்களுக்கு வெள்ளை. ஆனால் கோடு எங்கே போக வேண்டும் என்று கூறியவர்கள் ஊர் மக்களே. கிழவர் ஒருவர் கைத்தடியால் சுட்டி, “வாய்க்கால் இப்படி வளையாது அம்மா, நேரே போய்க் கோயில் அருகே மடங்கும்” என்று திருத்தினார். இன்னொருவர் தம் கிணற்றை விட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டார். எந்த ஆண்டு கண்மாய் வற்றியது, எந்த ஆண்டு முதன்முதலில் ஆழ்துளைக் கிணறு வந்தது என்றெல்லாம் ஒருவர் கூற, மற்றவர் மறுக்க, ஊரின் வரலாறே அங்கு எழுதப்பட்டது. எந்த நூலகத்திலும் கிடைக்காத வரலாறு அது. நாம் கட்டுரை எழுத வந்ததையும் மறந்து, ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

பின்னர் விதைத் தேர்வைச் செய்து காட்டினர். ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தனர். அதனுள் ஒரு கோழி முட்டையை இட்டிருந்தனர். உப்பு கூடக் கூட, அடியில் கிடந்த முட்டை மெல்ல எழுந்து, அதன் ஒரு பகுதி மேலே தெரியும்படி மிதந்தது. அந்தப் பதத்தில் விதை நெல்லைக் கொட்டினால், பதரும் அரை வயிற்று நெல்லும் மேலே வரும். முற்றிய விதை அடியில் தங்கும். அடியில் தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாத இந்த முறையைக் கண்டு, நம்முடன் வந்த தந்தை, “இதை நம் வீட்டிலேயே செய்யலாம் போலிருக்கிறதே” என்று முணுமுணுத்தார். தென்னந்தோப்பில் வேர் வழியாக டானிக் கட்டுவதையும் கண்டோம். பென்சில் கனமுள்ள உயிர் வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, 40 மில்லி டானிக்கும் 160 மில்லி தண்ணீரும் கலந்த பையினுள் நுழைத்துக் கட்டுகிறார்கள். உயிருள்ள வேரைத் தேடுவதுதான் வித்தை. நம் மாணவி மூன்று முறை தோண்டியபின்தான் ஒன்றைக் கண்டெடுத்தாள்.

ஆனால் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்த நிகழ்ச்சி வேறு. ஒரு விவசாயி தம் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அம்மாணவியின் முன் நீட்டினார். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாகிக் கிடந்தன. “இது என்ன நோய் அம்மா? மருந்து சொல்” என்றார். அவள் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது. தந்தை அருகில் நிற்கிறார்; ஊரார் பார்க்கிறார்கள். “எனக்குத் தெரியவில்லை ஐயா. கேட்டுச் சொல்கிறேன்” என்றாள்.

அன்று மாலையே தொலைபேசியில் ஆசிரியையைக் கேட்டாள். அது நோயே அன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்துக் கிடைக்காமையால் வரும் குறை. அன்னபேதி உப்பை உரிய அளவில் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும் என்று விடை வந்தது. அதனைக் கேட்டு அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “இதை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன், அப்பா. முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் செடியைக் கையில் கொடுத்தபோது அதுதான் இது என்று தெரியவில்லை” என்றாள். தந்தை ஒன்றும் கூறவில்லை. திரும்பும் பேருந்தில் நெடுநேரம் கழித்து, “அந்த ஆளிடம் பொய் சொல்லாமல் தெரியாது என்றாளே, அது நல்லது” என்று மட்டும் கூறினார்.

மறுபக்கம்

இவ்வளவு கூறியதால், பணி அனுபவம் என்ற பெயரில் நடப்பன யாவும் நல்லவையே என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. நாம் கேள்வியுற்ற வேறு சில செய்திகள் மனத்தைக் கசக்கச் செய்வன.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பொறியியல் மாணவன். பயிற்சி தருகிறோம் என்று அவனை அழைத்த ஒரு நிறுவனம் முதலில் பணம் கட்டச் சொன்னது. கட்டினான். நான்கு நாட்கள் ஓர் அறையில் அமர்த்திப் படக்காட்சி காட்டி, ஒரு மாதம் பயின்றதாகச் சான்றிதழ் அளித்தார்கள். கல்லூரியிலும் எவரும் எதுவும் கேட்கவில்லை. தாளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தையே ஆயத்தமாக விலைக்கு விற்கும் கடைகள் நம் பெருநகரங்களில் இருப்பதை அறியாதார் யார்? பிள்ளை வேலைக்கான நேர்காணலில் அமர்ந்து, தன் பெயரில் உள்ள திட்டத்தைப் பற்றியே பதில் கூற முடியாமல் விழிக்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

இன்னொரு மாணவி வணிகவியல் பயில்பவள். ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதமும் அவள் செய்தவை, தாள்களை நகல் எடுப்பதும் அனைவருக்கும் தேநீர் வாங்கி வருவதுமே. ஊதியம் இல்லை. பேருந்துச் செலவு அவளுடையது. கேட்டால், “அனுபவம் கிடைக்கிறதே!” என்கிறார்கள். ஊதியமில்லாப் பயிற்சி என்பது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு படிக்கட்டு. நாட்கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஒரு சுவர். சென்னையில் மூன்று மாதம் தங்கிச் சம்பளமின்றி வேலை பழக எத்தனை குடும்பங்களால் இயலும்? இதனைக் கல்லூரிகள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே நம் கருத்து.

இந்த இடத்தில் நம் சலேசிய சபைக் குருக்கள் போற்றும் ஒரு பழைய தாள் நினைவுக்கு வருகிறது. 1852-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இத்தாலியின் தூரின் நகரில், தச்சு வேலை பழகச் சென்ற ஓர் இளைஞனுக்காகப் புனித தொன் போஸ்கோ ஓர் ஒப்பந்தம் எழுதச் செய்தார். தச்சர், இளைஞன், இளைஞனின் தந்தை, தொன் போஸ்கோ ஆகியோர் அதில் கையெழுத்திட்டனர். தொழிலுக்குத் தொடர்பில்லாத ஏவல் வேலைகளுக்கு அவனைப் பயன்படுத்தலாகாது. தவறு செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். ஞாயிறும் திருநாட்களும் அவனுக்கு ஓய்வு. வேலைக்குக் கூலி தர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அதில் உள்ளன. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குருவானவர் ஒரு தச்சனிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றதை, இன்று நம் கல்லூரிகள் நிறுவனங்களிடம் கேட்கக் கூசுகின்றன. அந்த வணிகவியல் மாணவியின் கையில் இத்தகைய தாள் ஒன்று இருந்திருந்தால், தேநீர்ப் பாத்திரம் அவள் கைக்கு வந்திருக்குமா?

சட்டத்தின் துணை முற்றிலும் இல்லை என்று கூறுவதற்கில்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் ஆலைத் தொழில்களுக்காகவே இயற்றப்பட்டது. 1973-இல் அது பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் தழுவியது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிற பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. இச்சட்டத்தின்கீழ் சேர்வோருக்கு எழுத்து மூல ஒப்பந்தமும் மாதந்தோறும் உதவித்தொகையும் கட்டாயம். பட்டதாரிகளின் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசே ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான இதன் வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. பட்டப்படிப்புக்குள்ளேயே குறைந்தது ஒரு பருவம் இத்தகைய பயிற்சியை இணைத்து நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020-இல் நெறிமுறை வகுத்தது. நம் பங்குகளில் எத்தனை இளைஞருக்கு இவ்வாரியத்தின் பெயராவது தெரியும்?

பிள்ளை பயிற்சிக்குச் செல்லும் இடத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பதில் வெட்கம் வேண்டாம். என்ன வேலை, யார் சொல்லித் தருவார், எழுத்தில் என்ன இருக்கிறது, தங்கும் வீடு எத்தகையது, அடிபட்டால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்கலாம், கேட்க வேண்டும். மகளை அனுப்புவோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. பணியிடத்தில் பெண்களைக் காக்க 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் உரியதன்று. பயிற்சிக்கு வரும் மாணவியையும் அது காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அக்குழுவின் தலைவி யார் என்று முதல் நாளே கேட்டறிவது மரியாதைக் குறைவாகாது. பணம் கட்டினால் சான்றிதழ் என்று எவரேனும் கூறினால், அங்கேயே திரும்பிவிடுவது உத்தமம்.

மற்றொன்று. நம் பங்குகளிலேயே அச்சகம் நடத்துவோர் உண்டு, கணக்காயர் உண்டு, மருந்துக்கடை வைத்திருப்போர், கட்டட ஒப்பந்தக்காரர், வழக்கறிஞர் உண்டு. கோடை விடுமுறையில் ஒரு மாணவனை அழைத்து, ஒரு மாதம் அருகில் வைத்து, உணவுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் தொகையை அளித்துத் தொழிலைக் காட்டுவது அவர்களால் இயலாததா? தொழிலறிந்தவர் ஒருவரையும் தெரியாத காரணத்தாலேயே பல முதல் தலைமுறைப் பிள்ளைகள் பணம் பறிக்கும் இடங்களில் சென்று விழுகிறார்கள்.

அந்த மாணவியின் செய்தியைக் கூறாமல் விட்டால் வாசகர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறைக்கு அவள் வீடு திரும்பினாள். பெருவிழாவுக்கு மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தந்தையின் வயலில் இறங்கினாள். மேலே கிடந்த சருகையும் புல்லையும் விலக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழாக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சீரான மண் படலத்தைச் சீவி எடுத்தாள். இவ்வாறு வயல் முழுவதும் வளைந்து வளைந்து சென்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுத்தாள். வரப்போரத்திலும் எருக்குழி அருகிலும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மீண்டும் பங்கிட்டு, கடைசியில் அரைக் கிலோ அளவில் நிறுத்தினாள்.

“முப்பது வருடமாக உழுகிற மண். அதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?” என்று கேட்டவாறே வரப்பில் நின்றிருந்த தந்தை, அவள் மண்ணைத் துணிப்பையில் இடும்போது பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

ஆய்வு முடிவு வந்தது. அவர் ஆண்டுதோறும் தவறாமல் டி.ஏ.பி. இட்டு வந்த நிலத்தில் மணிச்சத்துத் தேவைக்கு மிஞ்சியே இருந்தது. அந்தப் பருவத்தில் மகளின் கணக்குப்படி உரத்தைக் குறைத்தார். பாதி மனத்துடன்தான் குறைத்தார். விளைச்சல் குறைந்தால் கேட்கலாம் என்று அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். விளைச்சல் குறையவில்லை. உர மூட்டைக்கான செலவு குறைந்தது.

கடந்த மாதம் அவரைக் கோயிலில் கண்டோம். மகள் இப்போது வெளியூரில் பணியிலிருக்கிறாள். தம் தம்பியின் நிலத்திலும் மண் எடுக்க வேண்டுமாம். அதற்காக மகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, குழியின் ஆழம் எவ்வளவு, மழை பெய்த ஈரத்தோடு எடுக்கலாமா, நிழலில் உலர்த்த வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், சற்று இருங்கள் என்று கையசைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.